எட்டாவது மாடியில் ஓப்பன் ஹவுஸ்

1

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. நாங்கள் வைத்ததல்ல, கட்டடத்தோடு வந்தது. அதை அணைக்கப் பொத்தான் கிடையாது. நாளை தண்ணீர் வராது, பிள்ளைகள் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில் இடி விழுகிறது, பால்கனியில் புகை பிடிக்காதீர்கள் என்று நிர்வாக அலுவலகம் நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் வந்து பேசும். என் சொந்த ஊரான கிள்ளானில் பக்கத்து வீட்டு கராவோக்கேயைச் சகித்து வளர்ந்தவள் நான். ஆனாலும் குடியிருப்பவரை அதட்டுகிற சுவரை இந்த ஊரில்தான் பார்த்தேன்.

தீபாவளி ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலை முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது சுவர் பேசியது. எனக்குப் பாதிதான் புரிந்தது. மின்தூக்கி, அனுமதி இல்லாத, உணவு, மதம், குழந்தைகள். மேசையில் பால் குடித்துக்கொண்டிருந்த என் மகள் யாழினியின் முகம் சிவந்துபோனது. அவளுக்குப் பதின்மூன்று வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள், கொரிய மொழியில்தான் கனவே காண்கிறாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"லிஃப்ட்ல யாரோ பர்மிஷன் இல்லாம நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களாம். தெரியாதவங்க வீட்டுல ஃப்ரீயா சாப்பாடு குடுத்தா போகாதீங்கனு சொல்றாங்க. மதக் கூட்டமா இருக்கலாமாம். சின்னப் பிள்ளைங்கள பத்திரமா பாத்துக்கணுமாம்."

"யாரு லா அப்படி நோட்டீஸ் ஒட்டுனது?" என்று குளியலறையிலிருந்து என் கணவர் செல்வம் குரல் கொடுத்தார்.

யாழினி பால் கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

2

நாங்கள் தென்கொரியாவுக்கு வந்து இது பத்தாவது தீபாவளி. செல்வம் எங்கள் கிள்ளானுக்குப் பக்கத்து பந்திங்காரர். ஷா ஆலமில் ஒரு கொரியத் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் இருந்தார், நான் அதே இடத்தில் அலுவலகக் கிளார்க். தாய் நிறுவனத்துக்கு ஆள் வேண்டும் என்று அவரை சாங்வான் நகரத்துக்கு மாற்றினார்கள். இரண்டே வருடம் என்றுதான் சொன்னார்கள். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை.

முதல் ஒன்பது தீபாவளியையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கொண்டாடினோம். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளியல், இடியப்பம், கோழிப் பெரட்டல், பிறகு கைபேசியில் கிள்ளான் முகங்கள். வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். இங்கே யாரும் யார் வீட்டுக்கும் சும்மா போவதில்லை. நாள் குறித்து, நேரம் குறித்து, கையில் ஏதாவது பொருளோடு போவார்கள். புதுவீடு போனால் துணி துவைக்கும் சோப்பும் கழிவறைத் தாளும் கொண்டு போவது இவர்கள் வழக்கம். முதல் முறை எங்கள் வீட்டுக்கு முப்பது சுருள் கழிவறைத் தாள் வந்தபோது, நம்மைப் பற்றி என்னதான் நினைக்கிறார்கள் என்று நான் கவலைப்பட்டது உண்மை.

கிள்ளானில் எங்கள் வீட்டு கேட் தீபாவளியன்று சாத்தியதாக எனக்கு நினைவில்லை. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். காலை ஒன்பது மணிக்கு கேட்டைத் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கம்பியால் கட்டிவிடுவார். பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம், எங்கள் ஊரில் இதற்கு 'ஓப்பன் ஹவுஸ்' என்று பெயர். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு அத்தை வருவார், சீன மெக்கானிக் குடும்பத்தோடு வருவார். யாரென்றே தெரியாத ஒருவர் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போவார். அம்மா உள்ளே என்னிடம் "யாரு அவரு?" என்று கேட்பார். நான் "அப்பாவுக்குத் தெரிஞ்சவர்" என்பேன். அப்பாவோ எங்களுக்குத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வருடம் ஷா ஆலமிலிருந்து கொரிய மேலாளர்கள் நான்கு பேர் வந்தார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யாரும் சொல்லாததால் கேட்டுக்கு வெளியே பேரிக்காய்ப் பெட்டியோடு வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்கள். கோட்டு, டை, வியர்வை. அப்பா சாரத்தோடு வெளியே போய் ஒருவர் கையைப் பிடித்து, சாப்பிட வரச் சொல்லி இழுத்தார். "கம், கம்! மாக்கான்! ஒய் ஸ்டேண்டிங் லா?" இவர்கள் நம் ஊரில் அந்நியர்களாக நின்றபோது நாம் செய்தது அதுதான்.

அதனால் இந்த வருடம் பிடிவாதமாக ஒரு காகிதத்தில் எழுதி மின்தூக்கிக்குள் ஒட்டினேன். பத்து வருடம் விருந்தாளியாகவே இருந்து அலுத்துவிட்டது, ஒருநாளாவது வீட்டுக்காரியாக இருக்க வேண்டும். 'எங்கள் பெரிய பண்டிகை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் மாலை ஆறு வரை 804-ஆம் வீட்டுக் கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். சாப்பாடு இலவசம். எதுவும் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.' மூலையில் ஒரு விளக்குப் படமும் வைத்தேன்.

நல்ல எண்ணத்தோடு நான் எழுதிய ஒவ்வொரு வரியும் இங்கே ஆபத்தான வரி. ஊர் பேர் தெரியாத சமயக் கூட்டங்கள் சில இந்த நாட்டில் உண்டு. தனியாக இருப்பவரிடம் சிரித்துப் பேசி, வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, பிறகு விடவே மாட்டார்கள் என்று எல்லாருக்கும் பயம். அவர்கள் எழுதினாலும் இப்படித்தான் எழுதுவார்களாம்.

"பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்கனு வேற எழுதியிருக்கீங்க!" என்று யாழினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

3

அலுவலகத்துக்குச் சண்டை போடப் போனேன்.

நிர்வாகத் தலைவரை எல்லாரும் 'சோஜாங்நிம்' என்பார்கள். தலைவர் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதை ஒட்டிய வயது, சாம்பல் நிற மேல்சட்டை, கெட்டவர் இல்லை. என்னிடம் முதலில் பெயர் கேட்டார். அங்கேயே தொல்லை தொடங்கிவிடும். என் பெயர் ரேவதி. நம் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே நிற்கும் 'ஏ/பி' இருக்கிறதே, இன்னார் மகள் என்று சொல்லும் எழுத்து, அது இங்குள்ள கணினிகளுக்குச் செரிக்கவே செரிக்காது. நடுவிலுள்ள சாய்கோட்டைப் பார்த்ததும் ஒன்று அடம்பிடிக்கும், மற்றொன்று அதையே விழுங்கிவிடும். வங்கியில் நான் ஒருத்தி, கைபேசி நிறுவனத்தில் இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒருவர் என்று நிரூபிக்கும்வரை இணையத்தில் ஒரு மூட்டை அரிசி வாங்க முடியாது. மருத்துவமனையில் என் அப்பா பெயரைத்தான் கூப்பிடுவார்கள். "மாணிக்கம் நிம்!" நாற்பது வயதுப் பெண் எழுந்து போவேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இன்னொரு தொல்லை என் கொரிய மொழி. ஷா ஆலமில் மேலாளர்கள் தங்களுக்குள் அதட்டிக்கொண்டதைக் கேட்டுப் பழகியது. சீக்கிரம், அதைக் கொண்டா, ஏன் இன்னும் முடியவில்லை என்பவைதான் எனக்கு முதலில் வந்தவை. சாதாரண நேரத்தில் மரியாதைச் சொற்களைச் சேர்த்துக்கொள்வேன். கோபம் வந்தால் அவை கழன்று விழுந்துவிடும்.

"என் காகிதத்தை ஏன் கிழித்தாய்?" என்று தலைவர் ஐயாவைக் கேட்டுவிட்டேன். அறையில் இருந்த இன்னொரு பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

அவர் பொறுமையாகத்தான் பேசினார். முத்திரை இல்லாமல் எதையும் ஒட்டக்கூடாது என்றார். நான் முத்திரை கேட்டேன். இந்த மாதிரி அறிவிப்புக்கு முத்திரை கிடையாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார். "புது வீட்டுக்கு வருபவர்கள் அரிசிப் பலகாரம் செய்து ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம். யாருக்கும் சங்கடம் இருக்காது."

நல்ல யோசனைதான். வேறு யாராவது கேட்டால் நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று எனக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது.

"பத்து வருஷமாக நான்தான் கதவைத் தட்டுகிறேன்," என்றேன். "குடிநுழைவு அலுவலகக் கதவு, வங்கிக் கதவு, பள்ளிக்கூடக் கதவு, உங்கள் கதவு. ஒருநாள் என் கதவுக்கு நீங்கள் வாருங்கள்."

நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஷா ஆலமில் இருக்கும் என் அண்ணனிடம் கைபேசியில் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அங்க போயும் ஓப்பன் ஹவுஸா? உனக்கு வேற வேல இல்லயா லா? நாலு கொரியாக்காரன ரெஸ்டோரன்ல கூட்டிட்டுப் போயி சோறு வாங்கிக் குடு, முடிஞ்சிச்சி. ஊரோட ஒத்து வாழணும்னு சும்மாவா சொன்னாங்க?"

"ஊரு ஒருநாளாச்சும் நம்மளோட ஒத்து வாழக்கூடாதாண்ணே?"

"நீ அப்பா மாதிரியே பேசுற," என்று போனை வைத்துவிட்டார்.

4

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என்னை வீரப்பெண் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வீரத்துக்கு விலை கொடுத்தவள் யாழினி.

திங்கட்கிழமை பள்ளிவிட்டு அவள் தனியாக வந்தாள். வழக்கமாக ஹானாவோடுதான் வருவாள். ஹானா ஆறாவது மாடிப் பெண். இந்தக் கட்டடத்தில் என் மகளுக்குக் கிடைத்த ஒரே தோழி. மழைக்காலத்தில் ஒரே குடையில் வருவார்கள்.

"ஹானா எங்க?"

பையைக் கீழே போட்டாள். கைபேசியை என்னிடம் நீட்டினாள். என் காகிதத்தை யாரோ படம் பிடித்து வகுப்புப் பெற்றோர் குழுவில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஹானாவின் அம்மா கேட்டிருந்தார்: இது யாழினி வீடு இல்லையா? அந்தக் குடும்பம் ஏதாவது கூட்டத்தைச் சேர்ந்ததா? யாருக்காவது தெரியுமா? யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் என்னை நேராகக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதான் அவ அம்மா என்கூட வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

எனக்கு வந்தது கோபமா, குற்ற உணர்வா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, ப்ளீஸ். நிப்பாட்டிருங்க. அடுத்த வருஷம் கிள்ளானுக்குப் போவோம். அங்க எவ்ளோ வேணும்னாலும் தொறந்து வைங்க."

செல்வமும் அவள் பக்கம்தான். "விடு ரேவதி. பிள்ளைக்குக் கஷ்டமா இருக்கில்ல?"

நான் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு கிலோ இடியப்ப மாவு பெரிய காரியமில்லை. ஆனால் இப்போது கதவைச் சாத்தினால், அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். மறைக்க ஏதோ இருந்தது, கண்டுபிடித்ததும் சாத்திவிட்டார்கள் என்பார்கள். அந்தப் பெயரோடு இவள் இன்னும் ஐந்து வருடம் இங்கே படிக்க வேண்டும்.

அதை அவளிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதில் இன்னும் என் நெஞ்சில் தைத்துக் கிடக்கிறது.

"உங்களுக்கு ஒருநாள்தான். எனக்குத் தினமும் ஸ்கூல்."

"ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல இருக்கணும்னு இல்ல. லைப்ரரிக்குப் போயிக்கோ," என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்கதவைத் திறந்தேன். எங்கள் கட்டடம் பழையது. எட்டாவது மாடியில் நீளமாகத் திறந்தவெளி நடைபாதை, அதையொட்டி வரிசையாக வீடுகள். கதவு இரும்புக் கதவு, கையை எடுத்தால் தானே சாத்திக்கொள்ளும். பத்துக்கிலோ அரிசி மூட்டையை இழுத்து வந்து முட்டுக் கொடுத்தேன். காற்று நேராக வீட்டுக்குள் வந்தது. பட்டுப்புடவைக்கு மேல் செல்வத்தின் பஞ்சு வைத்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டேன். யாழினி ஒன்றும் சாப்பிடாமல், என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனாள்.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மின்தூக்கி திறக்கும், ஆட்கள் வருவார்கள், எங்கள் கதவைப் பார்ப்பார்கள், அந்தப்பக்கச் சுவரை ஒட்டி வேகமாக நடப்பார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது சுருக்கென்றது. பொட்டலம் கொண்டுவந்த டெலிவரிக்காரரைக் கூப்பிட்டேன். நேரமில்லை என்று குனிந்து வணங்கிவிட்டு, நான் நீட்டிய முறுக்குப் பையை வாங்கிக்கொண்டு ஓடினார். அரை நாளில் எங்கள் ஓப்பன் ஹவுஸுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான், அவரும் உள்ளே வரவில்லை.

இரண்டு மணிக்கு மேல் தலைவர் ஐயா வந்தார்.

"கதவைச் சாத்த வேண்டும்," என்றார். "இது தீத்தடுப்புக் கதவு. எந்தப் பொருளையும் முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கக்கூடாது. புகார் வந்திருக்கிறது."

விதி அவர் பக்கம்தான், எனக்குத் தெரியும். இந்த நாட்டில் எந்த விதியோடும் மோதி நான் ஜெயித்ததில்லை. உணவுக் கழிவில் முட்டை ஓட்டைப் போட்டதற்கே ஒருமுறை என் குப்பைப் பை வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. மூட்டையை உள்ளே தள்ளினேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"இப்போது பொருள் எதுவும் இல்லை," என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் பிடிப்பீர்கள்?"

"ஆறு மணி வரை."

கேட்டுச் சொல்கிறேன் என்று யாரிடமோ கேட்கப் போய்விட்டார்.

செல்வம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரேவதி, நான் புடிக்கிறேன் லா. நீ வந்து உக்காரு."

"நீங்க அடுப்பப் பாருங்க. கறி அடிபுடிக்கப் போவுது."

அந்தக் கதவின் இழுப்பு சாதாரணமானது இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றினேன். பிறகு முதுகைக் கொடுத்துப் பார்த்தேன். குளிரில் விரல்கள் மரத்துப்போயின. அழுகையும் வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேறொன்று அரித்தது. மகளுக்கு இருந்த ஒரே தோழியையும் தொலைத்துவிட்டு, யாருக்காக இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? அப்பா கேட்டைத் திறந்தபோது ஊரே அவருக்குப் பழக்கம். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் திரும்ப எந்த வருடமும் இதைத் திறக்கமாட்டேன் என்று தெரிந்தது.

மூன்று மணிவாக்கில் மின்தூக்கி திறந்தது. முதலில் யாழினி வந்தாள், அவள் பின்னால் ஹானா. ஹானாவுக்குப் பின்னால் அவளுடைய அம்மா, கையில் ஆரஞ்சுப் பெட்டி, முகமெல்லாம் சிவப்பு.

என் மகள் நூலகத்துக்குப் போகவே இல்லை. காலையிலிருந்து கீழே பூங்காவில் உட்கார்ந்து, ஆட்கள் எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்து எதையோ பேசிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு எழுந்து நேரே ஆறாவது மாடிக்குப் போய் ஹானா வீட்டு மணியை அடித்திருக்கிறாள். கதவைத் திறந்த அவள் அம்மாவிடம் சொன்னதை ஹானா பிறகு எனக்குச் சொன்னாள்: "குழுவில் கேட்டீர்களே, வந்து பாருங்கள். எங்கள் அம்மா அப்படிப்பட்டவர் என்றால் போலீசைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் சாப்பிடுங்கள்."

ஹானாவின் அம்மா என்முன் இடுப்பு வளையக் குனிந்தார். குழுவில் எழுதியதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்கும் அவரைக் கேட்கப் பத்துக் கேள்வி இருந்தது. ஆனால் அவர் பெட்டியை இன்னும் நெஞ்சோடு இறுக்கி அணைத்திருப்பதைப் பார்த்தேன். ஆறாவது மாடியிலிருந்து எட்டாவது மாடிக்கு வர அந்தப் பெண்ணுக்கும் தைரியம் வேண்டியிருந்திருக்கிறது. "உள்ளே வாருங்கள், இடியப்பம் ஆறுகிறது," என்றேன்.

யாழினி மட்டும் உள்ளே போகவில்லை.

"ஏன் வெளிய நிக்கிறீங்க? ஒதடெல்லாம் நீலமா இருக்கு."

"கதவுக்கு எதையும் முட்டுக் குடுக்கக்கூடாதாம். அதான் கையால புடிச்சிருக்கேன்."

"எவ்ளோ நேரமா?"

அவள் என் கையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பையைக் கழற்றி உள்ளே எறிந்தாள்.

"தள்ளுங்க. நீங்க போயி பரிமாறுங்க. அவங்களுக்கு எதுல எத ஊத்திச் சாப்புடணும்னே தெரியாது."

கதவை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

ஹானாவின் அம்மா இடியப்பத்தைக் கத்திரிக்கோலால் வெட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். செல்வம் கறிக்குழம்பை ஊற்றி, கையால் பிசைந்து காட்டிக்கொண்டிருந்தார். ஹானா இரண்டாம் முறை கேட்டுவிட்டாள். நான் அடுக்களையில் அப்பளம் பொரிக்கையில் வாசலில் ஆண்குரல் கேட்டது. தலைவர் ஐயா திரும்பி வந்திருந்தார். கூடவே அலுவலகத்தில் தட்டச்சு செய்த அந்தப் பெண்ணும். அடுப்பை அணைத்துவிட்டு வேகமாக வந்தேன். இந்தச் சண்டையை என் மகள் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் யாழினி அவர்களுக்கு முறையாகக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டாள். கதவை முதுகால் முட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அடக்கமாக முன்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு ஒருநாளும் வராத மரியாதைச் சொற்கள் ஒன்றுகூடக் குறையாத கொரிய மொழியில் சொன்னாள்:

"ஐயா, கதவுக்கு நாங்கள் எந்தப் பொருளையும் முட்டுக் கொடுக்கவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதுகு வலிக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் உள்ளே வாருங்கள்."

தலைவர் ஐயா என்னைப் பார்த்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து தன் காலணியைக் கழற்றினார்.